வெள்ளத்தோட வந்தவ

ரொம்ப நாளாச்சு மக்களே இந்தப் பக்கம் வந்து. ஆணி கொஞ்சம் ஜாஸ்தி. அதோட காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவைன்னு ஒருத்தி என்னை வெளியே இழுத்துட்டுப் போயிடறா. உடனே கற்பனைக் குதிரையைத் தட்டி விடாதீங்க, அவளுக்கு நாலு காலு, ஒரு வாலு :-) பேரு பொருநை.

நாய் வளர்த்தா மனசு லேசாகும், ரத்த அழுத்தம் குறையும்னு ஆயிரம் பேர் எழுதியாச்சு. இருக்கலாம். எனக்கு நடந்தது வேற. இந்த நாய் என்னை ஊர்க்காரன் ஆக்கிடுச்சு.

எங்க வீடு திருநெல்வேலி மீனாட்சிபுரத்துல. பொறந்து வளர்ந்ததெல்லாம் இங்கதான். ஆனா ப்ளஸ் டூ முடிச்சு இன்ஜினியரிங்குக்கு ஹாஸ்டல், அப்புறம் சென்னையில வேலைன்னு போனவன், 2020 ஊரடங்குல பொட்டியைத் தூக்கிட்டுத் திரும்பி வந்தேன். மாடி ரூம்ல உக்காந்து பொட்டி தட்டறது. மத்தியானம் ஆரம்பிச்சா ராத்திரி பத்து, பதினொண்ணு ஆயிடும். சாப்பாடு மேலயே வந்துடும். கண்ணாடி போட்டவரு, பச்சை கேட்டு வீட்டுக்காரங்கன்னுதான் தெருவுல ஆளுங்களை எனக்கு அடையாளம். மூணு வருசம் இப்படியே ஓடிச்சு. சொந்த வீட்டுலயே பேயிங் கெஸ்ட்!

2023 டிசம்பர் 17, ஞாயித்துக்கிழமை. மழைன்னா மழை, அப்படி ஒரு மழை. காயல்பட்டினத்துல மட்டும் ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். சென்னைக்காரங்களுக்குப் புரியற மாதிரி சொல்லணும்னா, ஒரு வருசத்துல உங்களுக்குப் பெய்யறதுல முக்கால் வாசி. ஸ்ரீவைகுண்டத்துல திருச்செந்தூர் ரயில் நின்னு போய் எண்ணூறு பேர் கிட்ட மாட்டிக்கிட்டதை நியூஸ்ல பார்த்திருப்பீங்க. இங்க தாமிரபரணி கரையைத் தாண்டி ஊருக்குள்ள வந்துட்டா. கொக்கிரகுளம், சிந்துபூந்துறை, எங்க மீனாட்சிபுரம் எல்லாம் தண்ணி. கலெக்டர் ஆபீஸையே ஆறு விட்டு வைக்கல. எங்க வீட்டுல கீழ்த்தளம் முழுக்கத் தண்ணி, நாங்க மாடியில. கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை.

18ஆம் தேதி காலையில பக்கத்து வீட்டு காம்பவுண்டு சுவர் மேல ஒரு நாய். பின்னங்கால்ல காயம். கத்தக் கூடத் தெம்பில்லாம தண்ணியையே பாத்துட்டு நின்னுச்சு. அம்மா, "ஏல, சும்மா இரு, அது கடிச்சுப்புடும்"னாங்க. அப்பா ஒண்ணும் பேசாம கயித்தை எடுத்து என் இடுப்புல கட்டி, மறுமுனையைப் படிக்கட்டுக் கம்பியில சுத்திப் பிடிச்சுக்கிட்டாரு. எங்க அப்பாவும் நானும் சேர்ந்து செஞ்ச முதல் காரியம் அதுதான்னு நினைக்கேன். நெஞ்சளவு தண்ணியில போய் நாயைத் தூக்கினேன். அம்மா வாக்கு பலிச்சுது. மணிக்கட்டுல நல்லா ஒரு கடி!

குண்டாவுல பிடிச்சு வச்சிருந்த மழைத் தண்ணியில சோப்புப் போட்டுக் கழுவினோம். ஆஸ்பத்திரிக்கு உடனே போயாகணும். ஆனா ரோடு எங்க இருக்குன்னே தெரியாத அளவுக்குத் தண்ணி. 20ஆம் தேதி காலையிலதான் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போக முடிஞ்சது. முதல் நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள்னு ஊசி. ரேபிஸ் பத்தி எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அந்த வரிசையில நின்னப்ப படிச்சதுதான். அறிகுறி வர்றதுக்கு முன்னாடி ஊசி போட்டா தப்பிச்சிடலாம். வந்தப்புறம் பிழைக்கறது கிட்டத்தட்ட கிடையாது.

ஆள் கருப்பா இருந்ததால தெருவுல எல்லாரும் 'கருப்பி'ன்னு கூப்பிட ஆரம்பிச்சாங்க. 2018ல 'பரியேறும் பெருமாள்' வந்ததுல இருந்து எங்க ஊர்ப் பக்கம் கருப்பு நாய்க்கெல்லாம் அதான் பேரு. அப்பா ஒத்துக்கல. "படத்துல அந்தப் பேருக்கு நடந்தது போதும்டே"ன்னுட்டாரு. ஆத்தோட வந்தவங்கறதால ஆத்துப் பேரையே வச்சோம். தாமிரபரணியோட பழைய பேரு பொருநை. அம்மாவுக்கு அது வாயில நுழையல, 'பொன்னு'ங்காங்க.

நாய்க்கு எதுக்கு இவ்வளவு பெரிய பேருன்னு சிரிச்சவங்களுக்கு ஒரு தகவல். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர்ல ஒரு நடுகல் இருக்கு. 7ஆம் நூற்றாண்டு, மகேந்திரவர்மப் பல்லவன் காலம். மாட்டுக்காக நடந்த சண்டையில செத்த வீரனுக்கு எடுத்த கல்லு. பக்கத்துலயே அவன் நாயையும் செதுக்கி, அது ரெண்டு திருடனைக் கடிச்ச கதையையும் எழுதி, நாயோட பேரையும் வெட்டி வச்சிருக்காங்க. கோவிவன். 1400 வருசம் கழிச்சும் அந்த நாய் பேரு நமக்குத் தெரியுது. எதிர் வீட்டுக்காரர் பேரு எனக்குத் தெரியாம இருந்தது :-)

காலு ஆறினதும் நடக்கக் கூட்டிட்டுப் போக ஆரம்பிச்சேன். நாய்க்கு மீட்டிங் இருக்கு, டெலிவரி இருக்குன்னா புரியுமா? அஞ்சரைக்கு மூஞ்சியை நக்கும். வழியில ஒவ்வொரு கம்பமா நிக்கும். அது நிக்கிற இடத்துல எல்லாம் நானும் நின்னாகணும். சும்மா நிக்கறவனைப் பாத்து திருநெல்வேலியில யாரும் சும்மா போக மாட்டாங்க. "யாரு மவன்டே நீ?" அங்க ஆரம்பிக்கும். டீக்கடை அண்ணாச்சி, தேய்ப்பு வண்டி அக்கான்னு ஒவ்வொருத்தரா பேரு தெரிஞ்சுது. குறுக்குத்துறை முருகன் கோயில் ஆத்துக்குள்ளயே இருக்கு இல்லையா, வெள்ளம் வந்தா உற்சவரை மேலக்கோயிலுக்குத் தூக்கிட்டுப் போய், வடிஞ்சதும் திரும்பக் கொண்டு வருவாங்களாம். இதை எனக்குச் சொன்னவர் படித்துறையில குளிச்சுட்டிருந்த ஒரு தாத்தா. நான் கூகுள்ல தேடக் கூட நினைச்சிருக்க மாட்டேன்.

அப்பா விசயம் இன்னும் வேடிக்கை. அவரு எங்கிட்ட நேரா பேசற ஆள் இல்லை. இப்ப பொருநைகிட்ட பேசுதாரு. "பொருநை, உங்க அண்ணன்ட்ட சொல்லு, கரண்டு பில்லு இன்னும் கட்டலன்னு." நானும் அதுகிட்டயே பதில் சொல்லிடறேன். நடுவுல உக்காந்து ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாக்கும் பாவம்.

2024ல கம்பெனி எல்லாரையும் சென்னைக்கு வரச் சொல்லிட்டாங்க. வீடு தேடினா நாய்ன்னதும் போனை வச்சிடறாங்க. கணக்குப் போட்டுப் பாத்து, வீட்டுல இருந்தே வேலை பாக்க விடற ஒரு சின்ன கம்பெனிக்கு மாறிட்டேன். சம்பளம் குறைவுதான். "நாய்க்காக வேலைய விட்டான்னு வெளிய சொல்லிராதீங்க, ஒருத்தரும் பொண்ணு குடுக்க மாட்டாவ"ன்னு அம்மா. நாய்க்காக மட்டும்னு சொல்ல முடியாது. அதுக்குள்ள எனக்கு இங்க நாப்பது பேரைத் தெரிஞ்சிருந்தது. அதை விட்டுட்டு வேளச்சேரியில பச்சை கேட்டு, நீலக் கேட்டுன்னு திரும்ப ஆரம்பிக்க மனசு வரல.

2025 ஏப்ரல். பரீட்சை முடிஞ்ச நேரம். எதிர் வீட்டு அண்ணாச்சி பையனை, நாலாவது படிக்கறவன், ஒரு தெருநாய் கெண்டைக்கால்ல கடிச்சிடுச்சு. சத்தம் கேட்டு ஓடினா, யாரோ காயத்துல மஞ்சப்பொடி வைக்கப் போறாங்க. தடுத்து, பைப்படியில உக்கார வச்சு, மணி பாத்து 15 நிமிசம் சோப்புப் போட்டுக் கழுவினோம். என் பைக்குலயே ஹைகிரவுண்டு. ரத்தம் வந்த கடின்னா தடுப்பூசி மட்டும் போதாது, காயத்தைச் சுத்தியே இம்யூனோகுளோபுலின்னு இன்னொரு மருந்தும் போடணும். ரெண்டும் போட்டாங்க. பையன் நல்லா இருக்கான்.

மறுநாள் தெருவுல கூட்டம். "சோத்துல மருந்து வச்சிருவோம், எல்லாம் ஒழியட்டும்"னு ஒரு குரல். பாரதிய நியாய சன்ஹிதா 325ஆம் பிரிவுல விலங்கைக் கொன்னா அஞ்சு வருசம் வரைக்கும் ஜெயில்னு நான் சொன்னேன். அண்ணாச்சி என்னைப் பாத்து, "தம்பி, உங்க நாய் வீட்டுக்குள்ள படுக்கு. எம் பிள்ள தெருவுலதான் விளையாடணும்"னாரு. அதுக்குப் பதில் சட்டப் புத்தகத்துல இல்லை. அவரு பயம் நியாயமான பயம்.

ஆனா ஒண்ணு கேட்டேன். நம்ம தெருவுல மொத்தம் எத்தனை நாய்? ஒருத்தருக்கும் தெரியல. எனக்குத் தெரியும். எட்டு. எது எங்க படுக்கும், எது குட்டி போடப் போவுது, எது ஆளைக் கண்டா உறுமும், எல்லாம் பொருநையோட நடந்ததுல மனப்பாடம். எட்டையும் ஒழிச்சாலும் குப்பை இருக்கற வரைக்கும் அடுத்த தெரு நாய் வரும், அதுக்கு ஊசியும் போட்டிருக்காது. பொட்டை நாய் ஒண்ணு வருசத்துக்கு ரெண்டு தடவை கூட ஈனலாம், சினைக்காலம் ரெண்டு மாசம்தான். கருத்தடை பண்ணி, ஊசி போட்டு, அதே இடத்துல விட்டா எண்ணிக்கையும் குறையும், நோயும் நிக்கும். ஒரு பகுதியில 70 சதவீத நாய்க்குத் தடுப்பூசி போட்டுட்டாலே ரேபிஸ் பரவறது அறுந்து போகும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. எட்டுல 70 சதவீதம்னா ஆறு. ஆறு நாயைப் பிடிக்க முடியாதா நம்மளால?

மாநகராட்சிக்கு மனு குடுத்தோம். முதல் கையெழுத்து அண்ணாச்சியோடது. வண்டி வந்த அன்னைக்கு ஏழு மாட்டுச்சு. காது நுனியில அடையாள வெட்டோட அதே இடத்துக்குத் திரும்பி வந்துச்சு. கறிக்கடைக் கழிவைத் தெரு முக்குல கொட்டறதையும் பேசி நிறுத்தினோம்.

அப்புறம் 2025 ஆகஸ்ட் 11ல டெல்லி தெருநாய்களை எல்லாம் பிடிச்சு அடைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டதும், 22ஆம் தேதி அதை மாத்தி, வெறி பிடிச்சதும் ஆக்ரோசமானதும் தவிர மத்ததை கருத்தடை, ஊசி முடிச்சு பழைய இடத்துலயே விடச் சொன்னதும், நவம்பர் 7ல பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு மாதிரி இடத்துல இருந்து மட்டும் அப்புறப்படுத்தச் சொன்னதும் உங்களுக்கே தெரியும். நாடு முழுக்க நாய்ப்பிரியர், நாய் எதிரின்னு ரெண்டு கட்சி. எங்க தெருவுல அப்படிக் கட்சி கட்ட முடியல. எல்லாருக்கும் எல்லாரையும் தெரிஞ்சு போச்சு.

அண்ணாச்சி பையன் இன்னமும் நாயைக் கண்டா ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிடுவான். போகட்டும். அவன் வர்றது தெரிஞ்சா நான் பொருநையை இந்தப் பக்கமா இழுத்துப் பிடிச்சுக்கறேன். போன வாரம் அங்க இருந்தே கேட்டான், "அண்ணே, அது பேரு என்ன?"

சொன்னேன்.

பி.கு: வீட்டு நாயா இருந்தாலும் மூணு மாசத்துல முதல் ரேபிஸ் ஊசி, அப்புறம் டாக்டர் சொல்ற கணக்குல வருசா வருசம். மறந்துடாதீங்க மக்களே.