மேசைக்கு அடியில் நடக்கும் வேலை

ரயில்வேக்காகவே உண்டான ஊர் ஆல்டூனா. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், அலெகெனி மலையடிவாரத்தில், 1849இல் பென்சில்வேனியா ரயில்ரோடு நிறுவனம் அமைத்த ஊர். நேராக ஏற முடியாத மலை என்பதால் பள்ளத்தாக்கைச் சுற்றிக்கொண்டு ஏறும்படி ஒரு பாதை போட்டார்கள். அந்தக் குதிரைலாட வளைவு 1854இல் திறக்கப்பட்டது. இன்றும் சரக்கு ரயில்கள் அதில்தான் ஏறி இறங்குகின்றன. அதே வட்டாரத்தில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், அந்த வளைவை 87இல் ஒரு பங்காகச் சுருக்கிக் கட்டி வைத்திருக்கிறார்கள் ஒரு மாதிரி ரயில் சங்கத்தார். நிஜ வளைவின் விட்டம் சுமார் 1,300 அடி. 87ஆல் வகுத்தாலும் 15 அடி வருகிறது. அவ்வளவு இடம் அங்கே இல்லாததால் பாதியாக்கியிருக்கிறார்கள். மரம், பாறை, நிலக்கரி வண்டி எல்லாம் கண்ணை நிறைக்கின்றன. ஆனால் நான் போனது மேசைக்கு மேலே இருப்பதைப் பார்க்க அல்ல. அவர்கள் தங்கள் டிஜிட்டல் கட்டுப்பாட்டு அமைப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த வேலை முழுக்க மேசைக்கு அடியில்.

அதைப் புரிந்துகொள்ள முதலில் பழைய முறையைச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் மாதிரி ரயிலில் வேகத்தைத் தீர்மானித்தது தண்டவாளம். அதில் எத்தனை வோல்ட் விடுகிறோமோ அதற்கேற்ப அதன் மேல் நிற்கும் எல்லா இன்ஜினும் ஓடும். இரண்டு ரயிலை இரண்டு பேர் ஓட்ட வேண்டுமென்றால் பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சுவிட்ச் வைத்து, ரயில் நகர நகரச் சுவிட்சைத் தட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரே துண்டில் இரண்டு இன்ஜினைத் தனித்தனியாக ஓட்ட வழியே இல்லை. இந்த வளைவுக்கு அது பெரிய குறை. நூறு அடிக்கு ஏறத்தாழ 1.8 அடி ஏற்றம் என்பதால் நிஜப் பாதையில் கனமான ரயில்களுக்குப் பின்னாலும் இன்ஜின் மாட்டித் தள்ளுகிறார்கள். செங்கோட்டை – புனலூர் மலைப்பாதையில் பேங்கர் இன்ஜினைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். முன்னே இழுப்பவரும் பின்னே தள்ளுபவரும் இரண்டு தனி மனிதர்கள். அந்த இருவரின் ஒத்திசைவுதான் மலை ரயில். பழைய முறையில் அதை மேசையில் கொண்டுவரவே முடியாது.

டிஜிட்டல் முறை அதை மாற்றியது. தண்டவாளத்தில் எப்போதும் ஒரே அளவு மின்சாரம், ஏறத்தாழ 15 வோல்ட். அதன் திசை மட்டும் இடைவிடாமல் மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பக்கமும் 58 மைக்ரோசெகண்ட் நின்றால் அது ஒன்று. 100 மைக்ரோசெகண்டோ அதற்கு மேலோ நின்றால் பூஜ்யம். இப்படிக் கோக்கப்பட்ட ஒரு கட்டளை 10 மில்லிசெகண்டுக்குள் முடிந்துவிடும். எல்லா இன்ஜினும் எல்லாக் கட்டளையையும் கேட்கும். தன் எண் வந்தால் மட்டும், உள்ளே இருக்கும் டீகோடர் என்ற சிறு பலகை மோட்டாரை அசைக்கும். இதன் அடிப்படை ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் 1980களின் கடைசியில் உருவாக்கியது. அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1990களின் நடுவில் அதைப் பொதுத் தரமாக்கியது. யார் செய்த டீகோடரும் யார் செய்த கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் கீழ்ப்படியும். அதன் பயனை அந்தக் கீழ்த்தளத்தில் கண்ணால் பார்த்தேன். 1990களில் பொருத்திய டீகோடரோடு இருந்த பழைய இன்ஜின் ஒன்றை, புதுப் பெட்டி இணைத்த தண்டவாளத்தில் வைத்தார்கள். எதுவும் நடக்காததுபோல அது கிளம்பிப் போனது. வாங்கிய மூன்றாம் வருடமே கைப்பேசியைத் தூக்கிப்போடப் பழகிவிட்ட நமக்கு, தரம் வகுத்தவர்கள் செய்த காரியத்தின் அருமை இங்கேதான் தெரியும்.

அப்படியானால் எதற்கு மாற்றுகிறார்கள்? பழைய பெட்டியோடு கம்பியால் இணைந்த, ரயிலை ஓட்டும் கைக்கருவிகள் தேய்ந்துவிட்டன, உதிரி கிடைப்பதில்லை. ரயிலோடு நடந்து போகிறவர் ஒவ்வொரு மூலையிலும் பிளக்கைக் கழற்றி அடுத்த சாக்கெட்டில் மாட்ட வேண்டியிருந்தது. அதைவிட முக்கியமான காரணம், ஓரிடத்தில் ஷார்ட் ஆனால் மொத்த அறையும் நின்றுவிடும். புது அமைப்பில் பாதையை எட்டு மின்வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி பிரேக்கர் வைக்கிறார்கள்.

பிரிப்பது என்றால் வயரைப் பிரிப்பது. இந்த வேலையின் தலைமை மேஸ்திரி என்று நான் மனதுக்குள் பெயர் வைத்துக்கொண்டவர், ஆல்டூனாவின் ஜூனியாட்டா இன்ஜின் பட்டறையில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். சக்கரம் வைத்த பலகையில் மல்லாந்து படுத்து, நெற்றி விளக்கோடு மேசைக்கு அடியில் ஊர்ந்துகொண்டிருந்தார். அங்கே மூன்று தலைமுறை வயர்கள் தொங்குகின்றன: சுவிட்ச் காலத்தவை, முதல் டிஜிட்டல் காலத்தவை, இப்போது இழுப்பவை. முதல் முறை டிஜிட்டலுக்கு மாறியபோது பழைய சுவிட்ச்களை எல்லாம் ஆன் செய்து, மேலே டேப் ஒட்டிவிட்டு, புதுப் பெட்டியை இணைத்து ஓட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது. "இரண்டு முனையிலும் சீட்டு ஒட்டாத வயரை யாரும் வெட்டக் கூடாது, பட்டறையில எங்களுக்குக் கத்துக்கொடுத்த முதல் பாடம்" என்றார். சங்கத்தின் பழைய வயரிங் நோட்டு பக்கத்தில் விரித்துக் கிடந்தது. எழுதியவர் உயிரோடு இல்லை. பென்சில் எழுத்தில், எந்தத் துண்டுக்கு என்ன நிற வயர், எந்த மரக்கட்டையைத் தாண்டிப் போகிறது என்பதுவரை இருக்கிறது. அந்த நோட்டு இல்லாவிட்டால் இந்த மாற்றம் நடந்திருக்காது என்பது என் எண்ணம்.

பிறகு நாணயச் சோதனை. 25 சென்ட் நாணயம் ஒன்றை எடுத்துக்கொண்டு, பெட்டியிலிருந்து ஆகத் தொலைவான இடத்துக்குப் போய் இரண்டு தண்டவாளத்தின் மேலும் படும்படி வைத்தார். பிரேக்கர் உடனே விழ வேண்டும். விழவில்லை. சட்டென்று நாணயத்தை எடுத்தார். மெல்லிய பழைய வயரும் சரியாக உருகி ஒட்டாத ஒரு சாலிடரும் தடையாக நின்றால், ஷார்ட் ஆன இடத்தில் 5 ஆம்பியருக்குப் பதில் 4 ஆம்பியர்தான் ஓடும். ஏதோ பாரமான ரயில் இழுக்கிறது என்று எண்ணி பிரேக்கர் சும்மா இருக்கும். அந்த நான்கு ஆம்பியரும் தடம் புரண்ட ஒரு சக்கரத்தின் வழியாக ஓடினால் பிளாஸ்டிக் போகி உருகிப்போகும். அடியில் படுத்து ஒவ்வொரு இணைப்பாகத் தட்டிப் பார்த்து, மங்கலாகச் சாம்பல் பூத்திருந்த சாலிடர் ஒன்றைக் காட்டினார். நல்ல சாலிடர் பளபளப்பாக வயரோடு வழிந்து இறங்கியிருக்கும். அதைச் சுரண்டி, ஃப்ளக்ஸ் தடவி, மறுபடி பற்றவைத்து, தடித்த வயருக்கு மாற்றினார். நாணயத்தை வைத்ததும் இம்முறை 'டக்'.

இன்னொரு மூலையில், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் டீகோடர் இல்லாத பழைய டீசல் இன்ஜினைப் பிரித்து வைத்திருந்தார். பழைய மாடல்களில் மோட்டாரின் ஒரு முனை உலோகச் சட்டத்தோடு ஒட்டியே இருக்கும். அதைப் பிரிக்காமல் டீகோடர் வைத்தால் முதல் நொடியிலேயே கருகிவிடும். மோட்டாருக்கு அடியில் மெல்லிய பழுப்புமஞ்சள் காப்டன் டேப் ஒட்டி, மீட்டரால் சோதித்து, சட்டத்தோடு தொடர்பில்லை என்று உறுதியான பிறகுதான் சாலிடரைத் தொட்டார். வலத் தண்டவாளத்துக்குச் சிவப்பு, இடதுக்குக் கறுப்பு, மோட்டாருக்கு ஆரஞ்சும் சாம்பலும், முன்விளக்குக்கு வெள்ளை, பின்விளக்குக்கு மஞ்சள், விளக்குகளுக்குப் பொது வயர் நீலம். புது டீகோடர் எதுவானாலும் எண் 3 என்றுதான் கடையிலிருந்து வரும். அதைக் குறைந்த மின்சாரம் ஓடும் தனித் தண்டவாளத்தில் வைத்து இன்ஜினின் சொந்த நான்கிலக்க எண்ணைப் பதித்தார். அப்போது இன்ஜின் லேசாகத் துள்ளியது. மோட்டாரை 6 மில்லிசெகண்ட் உதறித்தான் டீகோடர் 'பதிந்தது' என்று பதில் சொல்கிறது.

எண்களைப் பதிக்க அவர்கள் பயன்படுத்தும் ஜேஎம்ஆர்ஐ என்ற மென்பொருள் இலவசம். கலிஃபோர்னியாவைச் சேர்ந்த இயற்பியலாளர் பாப் ஜேகப்சன் தொடங்கியது. அதன் கோப்புகளை உரிமத்தின் நிபந்தனைகளை மதிக்காமல் எடுத்துக்கொண்டவர்கள்மீது அவர் வழக்குப் போட்டார். திறமூல உரிமத்தின் நிபந்தனைகளைக் பதிப்புரிமைச் சட்டத்தின் வழியாகவே அமல்படுத்தலாம் என்று 2008இல் அமெரிக்க ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது அந்த வழக்கில்தான். உலகமெங்கும் இலவச மென்பொருள் எழுதுகிறவர்கள் பொம்மை ரயில்காரர்களுக்குக் கடன்பட்டிருக்கிறார்கள்.

கைப்பேசியையே கைக்கருவியாக்கலாமா என்பதில் சங்கத்துக்குள் கருத்து வேறுபாடு. கல்லூரி மாணவர் ஒருவர் வேண்டும் என்கிறார், செலவே இல்லை. மூத்தவர்கள் திருகும் குமிழ் வேண்டும் என்கிறார்கள். நான் மூத்தவர்கள் பக்கம். கண்ணாடித் திரையைப் பார்க்காமல் தொட முடியாது. குமிழை விரல் தானே கண்டுகொள்ளும், கண் ரயிலின் மேல் நிற்கும்.

மாலையில் வளைவில் சோதனை ஓட்டம். முன் இன்ஜினை ஓட்டியவர் நிஜ வளைவிலேயே பல காலம் சரக்கு ரயில் ஓட்டியவர். பின்னால் தள்ளும் இன்ஜின் அந்த மாணவர் கையில். "அவசரப்படாதே தம்பி. நான் இழுக்கறது உன் பக்கம் வந்து சேரட்டும், அப்புறம் தள்ளு" என்றார் பெரியவர். கப்ளிங்குகளுக்கு இடையே இருக்கும் தளர்வு முன்னிருந்து ஒவ்வொரு வண்டியாக விறைத்துக்கொண்டு போகும் சிறு ஓசையைக் காதால் எண்ணிக்கொண்டிருந்தார். மாணவர் ஒரு நொடி முந்திவிட்டார். நடுவில் இருந்த காலிப் பெட்டி ஒன்று வளைவின் வெளிப்பக்கம் பிதுங்கித் தடம் புரண்டு ஷார்ட் ஆனது. வளைவு வட்டாரத்தின் பிரேக்கர் மட்டும் விழுந்தது. எதிர்ப்பக்கம் ஓடிக்கொண்டிருந்த பயணிகள் ரயில் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. எலெக்ட்ரீஷியன் அந்தப் பயணிகள் ரயிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

தடம் புரண்ட பெட்டியைத் தராசில் வைத்தார்கள். இந்த அளவு மாடலுக்குத் தேசியச் சங்கம் சொல்லும் எடை, அடிப்படையாக ஒரு அவுன்ஸ், அதோடு நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். ஆறு அங்குலப் பெட்டிக்கு நான்கு அவுன்ஸ், சுமார் 113 கிராம் இருக்க வேண்டும். மூன்றுகூட இல்லை. ஆசிரியை கூரையைக் கழற்றி உள்ளே ஈயத்தகடு ஒட்டினார். பசை காய்வதற்குள் மாணவர் இன்னும் எந்தெந்தப் பெட்டிகள் இலேசானவை என்று பட்டியல் எழுதத் தொடங்கியிருந்தார். யார்டு பக்கத்து வயர்கள் இன்னும் தொடப்படவில்லை. அதற்கான சீட்டுகளை எலெக்ட்ரீஷியன் வெட்டிக்கொண்டிருந்தார்.