பட்டை கூடினால் பாரம் கூடாது

பூதப்பாண்டிப் பக்கம் மட்டி வாழை பயிரிடும் விவசாயி ஒருவர், வாடகை மிச்சமாகட்டும் என்று பழைய சுமை வேன் ஒன்று வாங்கினார். வடசேரிச் சந்தைக்கு ஐம்பது குலை ஏற்றினாலே பின்பக்கம் அமுங்கி, பள்ளத்தில் அடிவாங்கியது. கூடுதல் ஸ்பிரிங் பட்டை செட் வாங்கிவந்து, மகனை வைத்துக்கொண்டு வீட்டிலேயே மாட்டினார்.

"அப்பா, இனி நூறு குலை ஏத்தலாம்லா?" என்றான் மகன்.

"பட்டைதான் மக்கா புதுசு. ஆக்சில், பிரேக், டயர் எல்லாம் பழசுதான்" என்றார் அவர்.

அவர் சொன்னதுதான் சரி. ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையில் காலி வண்டி எடையைக் கழித்தால் கிடைப்பதே ஏற்றக்கூடிய பாரம். மொத்தம் 1,600 கிலோ, காலி எடை 850 கிலோ என்றால், ஏறும் ஆட்களையும் சேர்த்து 750 கிலோதான். பட்டை போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. 2019 சட்டத் திருத்தத்தின்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, வண்டியின் அமைப்பை இஷ்டம்போல் மாற்றுவதையும் தடுக்கிறது. எனவே செட் வாங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

மாட்டும்போது அவர் கவனமாகவே இருந்தார். சமதரையில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, சேசிஸுக்குக் கீழே ஸ்டாண்டு கொடுத்தார். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவில்லை. பழைய யு போல்ட்டை மறுபடி போடாமல் புதிதாக வாங்கினார். நான்கு நட்டுகளையும் குறுக்கும் மறுக்குமாகச் சிறிது சிறிதாக இறுக்கி, சக்கரம் தரையில் ஊன்றிய பிறகே கடைசி இறுக்கம் கொடுத்தார்.

சங்கடம் அடுத்த வாரம் வந்தது. அன்று வெட்டியது இருபது குலைதான். பாரம் குறைந்ததால் வண்டி தூக்கித் தூக்கிப் போட்டது. மட்டியின் மெல்லிய தோல் உரசிக் கறுத்து, விலை குறைந்தது. அவர் போட்டிருந்தது எப்போதும் வேலை செய்யும் முழுநீளப் பட்டை. அதைக் கழற்றிவிட்டு, பாரம் ஏறினால் மட்டுமே தொடும் துணைப் பட்டை போட்டார். அடியில் வாழைச் சருகை மொத்தமாகப் பரப்பி, குலைகள் அசையாமல் கட்டினார். அதன்பின் காய் கறுப்பது குறைந்தது.

புதுப் பட்டை படிந்து அமர நாளாகும். முதல் லோடு இறக்கியதும் நட்டைப் பார்த்தபோது கால் சுற்று இளகியிருந்தது. அப்படியே விட்டால் சென்டர் போல்ட் அறுந்து ஆக்சில் விலகும். ஆகவே முதல் லோடுக்குப் பின் ஒருமுறை, 500 முதல் 1,000 கிலோமீட்டர் ஓடியதும் மறுமுறை, கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரென்ச்சால் இறுக்க வேண்டும்.

பின்பக்கம் உயர்ந்தால் ஹெட்லைட் வெளிச்சம் தாழும். அதைச் சரிசெய்ய வேண்டும். சில வண்டிகளில் பின்பிரேக்கின் அழுத்தத்தைப் பாரத்துக்கு ஏற்ப மாற்றும் வால்வு உண்டு. வண்டியின் உயரம் மாறினால் அதன் கணக்கும் தவறும், மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் பக்கவாட்டில் காற்று அடிக்கும்போது, உயர்த்திய வண்டியில் குலையை அடுக்கடுக்காக ஏற்றி வேகமாகப் போவது ஆபத்து.

ஐம்பது குலையை அலுங்காமல் கொண்டுசேர்க்கத்தான் பட்டை. நூறு குலைக்கு இரண்டு நடைதான் வழி.