காட்டாக்கடையிலிருந்து, உன் மகளுக்காக

காட்டாக்கடை,
ஆவணி மாதம்

அன்புள்ள தோழிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீ போனில் பேசியபோது பஸ் களியக்காவிளைக்குள் நுழைந்துகொண்டிருந்தது. இரைச்சலில் ஒன்றும் சொல்ல முடியவில்லை. பி.காம். முடித்து வேலைக்கும் போய்க்கொண்டிருந்த பெண் திடீரென்று நர்சிங் படிக்கப் போகிறேன் என்கிறாள், இந்த வயதில் முடியுமா, படித்த மூன்று வருஷமும் தண்டமா என்று கேட்டாய். என் நாத்தனார் மகள் அதையேதான் இங்கே செய்துகொண்டிருக்கிறாள். வந்த நாள் முதல் அவளைப் பார்த்துக்கொண்டும் கேள்வி கேட்டுக்கொண்டும் இருக்கிறேன். அதனால் கடிதம் கொஞ்சம் நீளும். உன் மகளிடமும் வாசிக்கக் கொடு.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம், குழித்துறை வழியாகக் களியக்காவிளை வரை நம் பஸ். அங்கே இறங்கிக் கேரள அரசு பஸ்ஸில் ஏறினால் பாறசாலை, அமரவிளை, நெய்யாற்றின்கரை. அங்கே வண்டி மாறிக் காட்டாக்கடை. வழியெல்லாம் ரப்பரும் மரச்சீனியும் வாழையும். பெயர்ப்பலகைகள் மலையாளத்துக்கு மாறுகின்றன. பேச்சு அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. பாறசாலையில் ஏறிய ஒரு பாட்டி, “மக்களே, இந்த வண்டி ஆசுபத்திரி முக்குல நிக்குமா?” என்று தமிழில்தான் கேட்டார். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. காட்டாக்கடை 2014-ல்தான் அதிலிருந்து பிரிந்து தனித் தாலுகா ஆனது. கோடு போட்டு இத்தனை காலமாகியும் கல்யாணம், சந்தை, ஆஸ்பத்திரி மூன்றுக்கும் இங்கே எல்லை கிடையாது.

ஆஸ்பத்திரி என்றால் காரக்கோணத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. எல்லையை ஒட்டிய கிராமம். அங்கே இருக்கிற சி.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரிக்கு டாக்டர் சாமர்வெல்லின் பெயர். 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏற வந்தவர் அவர். இரண்டாம் முறை ஆக்சிஜன் உதவி இல்லாமலே 8,500 மீட்டருக்கு மேல் ஏறியவர். முதல் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியவர் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அங்கே காத்துக் கிடந்த நோயாளிக் கூட்டத்தையும் கை போதாமல் திண்டாடிய வைத்தியத்தையும் பார்த்தார். லண்டனில் அவருக்குக் காத்திருந்த அறுவை சிகிச்சை வாழ்க்கையை விட்டுவிட்டு, பல வருஷங்கள் நெய்யூரிலேயே இருந்துவிட்டார். ஒரு வழியில் போய்க்கொண்டிருந்தவர்கள் நோயாளியைப் பார்த்துத் திரும்பி நடப்பது இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாத்தனார் மகளும் அப்படித்தான் திரும்பினாள். பி.காம். முடித்து, திருவனந்தபுரத்தில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் இரண்டு வருஷம் கணக்குப் பார்த்தாள். அவளுடைய தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கூடவே இருந்தவள் இவள்தான். அவரைப் புரட்டிப் படுக்க வைப்பதிலிருந்து மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி கொடுப்பது வரை நர்ஸ்கள் சொல்லிக்கொடுத்தார்கள். தாத்தா வீடு திரும்பிய பிறகு அலுவலகத்தில் மனசு ஒட்டவில்லை. “மாமி, அங்க நான் இல்லேன்னா இன்னொருத்தி அந்த ஃபைலைப் பாப்பா. ராத்திரி ரெண்டு மணிக்குத் தாத்தாவைப் புரட்டிப் போட ஆள் வேணும்லா” என்றாள்.

இனி நீ கவனமாக வாசிக்க வேண்டிய பகுதி. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி பி.எஸ்ஸி. நர்சிங் சேர, பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்திருக்க வேண்டும். உன் மகள் காமர்ஸ் குரூப். எத்தனை பட்டம் கையில் இருந்தாலும் அந்தக் கதவு மூடியதுதான். திறந்திருப்பது ஜி.என்.எம். என்கிற மூன்று வருஷ டிப்ளமோ. எந்தப் பாடப்பிரிவில் பிளஸ் டூ முடித்தவரும் சேரலாம், ஆனால் அறிவியல் படித்தவர்களுக்கு முதலிடம் கொடுத்துவிட்டு மிச்சத்தை மற்றவர்களுக்குத் தரும் இடங்களும் உண்டு. வயது வரம்பும் இடத்துக்கு இடம் மாறும், அந்தந்த வருஷத்து அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜி.என்.எம். முடித்து நர்ஸாகப் பதிவு செய்த பிறகு, போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. இன்னும் இரண்டு வருஷம். ஆக, நர்சிங் பட்டம் கைக்கு வர ஐந்து வருஷம். பி.காமோடு கூட்டினால் எட்டு.

முதல் பட்டத்துக்கு ஒரு நாள்கூடத் தள்ளுபடி கிடையாது. இதுதான் எனக்கு ஆறவில்லை. ஜி.என்.எம். முதல் வருஷத்தில் உடற்கூறும் உடலியங்கியலும் நுண்ணுயிரியலும் நர்சிங் அடிப்படைகளும் இருக்கின்றன. அவை இதில் சேர்ந்திருக்கும் நாத்தனார் மகளுக்குப் புதியவை, தேவையானவை. கூடவே ஆங்கிலமும் கம்ப்யூட்டரும் இருக்கின்றன. இரண்டு வருஷம் கம்ப்யூட்டரிலேயே கணக்கு எழுதிச் சம்பளம் வாங்கியவள், பிளஸ் டூ முடித்து நேராக வந்த பிள்ளைகளோடு உட்கார்ந்து கம்ப்யூட்டர் என்றால் என்ன என்று பரீட்சை எழுதினாள். வகுப்பில் எல்லோரும் சேச்சி என்றுதான் கூப்பிடுகிறார்கள். வார்டில் இவளுக்கு வேலை சொல்லித்தரும் ஸ்டாஃப் நர்ஸ் இவளைவிட வயதில் சின்னவள். அது ஒரு பொருட்டே இல்லை, வீட்டுக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தவள் பஸ் காசுக்கு அம்மாவிடம் கை நீட்டுவதுதான் கஷ்டம் என்றாள். அதை உன் மகளிடம் இப்போதே பேசிவிடு.

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வேறு துறையில் பட்டம் முடித்தவர்களுக்கு முடுக்கிவிட்ட நர்சிங் பட்டப்படிப்பை 1971-லேயே செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் தொடங்கிவிட்டது. இப்போது நாடு முழுக்க இருக்கிறது. பெரும்பாலும் 12 முதல் 18 மாதம். நாத்தனாரின் ஓரகத்தி ஒருத்தி டெக்சாஸில் இருக்கிறாள், இயற்பியல் பட்டதாரி, இரண்டு குழந்தைகளுக்குத் தாய். அவள் இந்தப் படிப்பை முடித்துப் பதிவுத் தேர்வும் எழுதி இப்போது வேலையில் இருக்கிறாள். நேற்று ராத்திரி வீடியோ காலில் அவளோடு வெகுநேரம் பேசினேன்.

குறுக்கு வழி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள் என்பதுதான் அவள் முதலில் சொன்னது. படிப்பில் சேர்வதற்கு முன்பே உடற்கூறு, உடலியங்கியல், நுண்ணுயிரியல், புள்ளியியல் எல்லாவற்றையும் தனியாகக் கல்லூரியில் படித்துத் தேறியிருக்க வேண்டும். அதற்கே அவளுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. உள்ளே போன பிறகு கோடை விடுமுறை என்பதே இல்லை. வாரா வாரம் பரீட்சை. காலை இருட்டில் வார்டுக்குப் போனால் 12 மணி நேரம். ஒரு பாடத்தில் தவறினால் அடுத்த அணி வரும்வரை வீட்டில் உட்கார வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம் என்று வந்தவர்கள் இரண்டாம் மாதமே வேலையை விட்டார்கள். “அண்ணி, ஆங்கிலம், சரித்திரம், சமூகவியல் இதையெல்லாம் முதல் பட்டத்திலிருந்து எடுத்துக்கிட்டாங்க. வார்டு நேரத்தில மட்டும் ஒரு நிமிஷம் குறைக்கல” என்றாள். அவள் வகுப்பில் வழக்கறிஞர், பள்ளி ஆசிரியை, ராணுவத்திலிருந்து வந்தவர், சமையற்காரர் எல்லாம் இருந்தார்களாம்.

இந்திய கவுன்சிலின் படிப்பு வரிசையில் இப்படி ஒன்று இல்லை. நர்சிங் இங்கே பட்டப்படிப்பு ஆனதே 1946-ல், வேலூரிலும் டில்லியிலும். அன்று அதற்காகப் போராடியவர்கள், பெண்கள் செய்யும் பணிவிடைக்குப் பல்கலைக்கழகம் எதற்கு என்ற கேள்வியைத் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும். பட்டதாரிகளுக்கு என்று ஒரு தனி வழியை நாமும் திறக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். உயிரியல் தெரியாதவர்களுக்கு முதலில் ஒரு அடிப்படைப் படிப்பு, பிறகு விடுமுறை இல்லாத இரண்டு வருஷம், வார்டு நேரம் முழுதாக. மனசு தெளிந்து, தானாகத் தேர்ந்தெடுத்து வருகிற ஆட்களை எட்டு வருஷக் கணக்கைக் காட்டிப் பயமுறுத்தித் திருப்பி அனுப்புவது நோயாளிக்குத்தான் நஷ்டம்.

வார்டு நேரத்தை ஏன் குறைக்கக் கூடாது என்பதை இந்த வாரம் கண்ணால் பார்த்தேன். நாத்தனார் மகள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சொட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். 500 மில்லி சலைன், எட்டு மணி நேரத்தில் ஏற வேண்டும், ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் குழாய். பத்தாயிரம் சொட்டை 480 நிமிஷத்தால் வகுத்தால் நிமிஷத்துக்கு 21. கணக்குக்காரிக்கு அது ஒரு நொடி. “காகிதத்தில 21 வரும் மாமி. நோயாளி கையை மடக்கினா 12 ஆயிடும், நீட்டினா மறுபடி ஏறும். வாட்சைப் பாத்து நிமிஷம் எண்ணி, அரை மணிக்கொருதரம் போய் நிக்கணும்” என்றாள். எந்தப் பாடத்தையும் வேகமாகப் படித்துவிடலாம், கட்டிலருகே நிற்கிற அந்த அரை மணிகளை வேகமாக நிற்க முடியாது.

முதல் படிப்பு தண்டமா என்றும் கேட்டாயே, அதற்கும் ஒரு சம்பவம் இருக்கிறது. மெடிக்கல் வார்டு போஸ்டிங்கில் இவளுக்கு ஒதுக்கிய நோயாளி எல்லைக் கிராமத்துப் பெரியவர், இதயம் பலவீனப்பட்டவர். நாளுக்கு ஒரு லிட்டருக்கு மேல் எதையும் குடிக்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. உள்ளே போன நீர், வெளியே வந்த சிறுநீர் இரண்டையும் மணிவாரியாக எழுதும் சார்ட் கட்டிலில் தொங்கும். சார்ட் சரியாக இருந்தது. ஆனால் கால் வீக்கம் வடியவில்லை. காலையில் எடை போட்டால் கூடியிருந்தது. கணக்குப் புத்தகத்தில் வரவும் செலவும் பொருந்தி, கல்லாவில் மட்டும் பணம் அதிகமாக இருந்தால் எழுதாத வரவு எங்கேயோ இருக்கிறது என்று தேடுவார்களே, அப்படித் தேடியிருக்கிறாள். கூடவே இருந்த அவர் மனைவியிடம் தமிழில் மெதுவாக விசாரித்தாள். மாத்திரை விழுங்கவும் தாகத்துக்கும் பிளாஸ்கிலிருந்து கஞ்சித்தண்ணி கொடுத்துக்கொண்டிருக்கிறார் அந்த அம்மா. கஞ்சித்தண்ணி வெறும் ஆகாரம்தானே என்று நினைத்திருக்கிறார், அதுவும் தண்ணீர் கணக்கில் வரும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பிளாஸ்கை அளந்து பார்த்து, ஸ்டாஃப் நர்ஸிடம் சொல்லி, சார்ட்டில் ஏற்றினாள். அந்த அம்மாவைத் திட்டவில்லை. எவ்வளவு கொடுக்கலாம் என்று ஒரு டம்ளரில் பேனாவால் கோடு போட்டுக் கொடுத்தாள். அதன் பிறகு எடை இறங்கத் தொடங்கியது. மூன்று வருஷ பி.காம். எங்கே போனது என்று இனி நீயே சொல்.

சம்பளம் பற்றி உன் வீட்டுக்காரர் கேட்பார். கேரளத்தில் 2011, 2012-ல் தனியார் மருத்துவமனை நர்ஸ்கள் பெரிய அளவில் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2016-ல் உச்ச நீதிமன்றம் அவர்கள் சம்பளத்தைப் பரிசீலிக்கச் சொன்னது. 2018-ல் மாநில அரசு குறைந்தபட்சம் மாதம் 20,000 ரூபாய் என்று அறிவித்தது. கேட்டுப் போராடி வாங்கிய தொகை அது. இதற்கும் மேலே போக நினைப்பவர்கள் வெளிநாட்டைப் பார்க்கிறார்கள். 2021 டிசம்பரில் கேரள அரசின் நோர்க்கா நிறுவனம் ஜெர்மனியோடு நர்ஸ்களை அனுப்ப ஒப்பந்தம் போட்ட பிறகு, ஜெர்மன் மொழி வகுப்புக்கு மவுசு கூடிவிட்டது. இவள் இப்போதைக்கு எங்கும் போவதாக இல்லை. பிறகு எப்படியோ, அது அவள் பாடு.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இரு. ஏஜென்ட் மூலமாகச் சேராதே. இதே தெருவில் ஒரு பெண்ணை வெளிமாநிலத்தில் சேர்த்துவிட்டு ஒருவர் பணத்தையும் ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டையும் வாங்கிவைத்துக்கொண்டார். பாதியில் பார்த்தால் அந்தப் படிப்புக்கு முறையான அங்கீகாரமே இல்லை. அந்தக் குடும்பம் இன்னும் கடன் கட்டுகிறது. பள்ளியின் பெயர் இந்திய நர்சிங் கவுன்சில் பட்டியலிலும் மாநில நர்ஸ்கள் கவுன்சில் பட்டியலிலும் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் முன்பணம். சொந்த ஆஸ்பத்திரி இருக்கிறதா, அதில் நோயாளிகள் படுத்திருக்கிறார்களா என்று நேரில் போய்ப் பார். காலியான கட்டில்களுக்கு நடுவே யாரும் நர்சிங் கற்றுக்கொள்ள முடியாது.

நாத்தனார் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் விடுப்பு, இந்த மாதம் ஓண விடுமுறையும் வருகிறது. உன் மகளை மதுரையிலிருந்து நாகர்கோவிலுக்கு ஏற்றிவிடு, களியக்காவிளையில் நான் வந்து கூட்டிக்கொள்கிறேன். இரண்டு நாள் இவளோடு இருக்கட்டும். ரெக்கார்டு நோட்டு, கேஸ் புத்தகம், வைவாவில் கேட்கும் கேள்விகள் எல்லாவற்றையும் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள். பிளஸ் டூ மார்க் ஷீட்டின் நகல் ஒன்றைக் கொடுத்தனுப்பு, ஒரிஜினல் வீட்டிலேயே இருக்கட்டும். எந்த ரயில் என்று வியாழக்கிழமைக்குள் சொன்னால் போதும்.

அன்புடன்,
உன் தோழி