ஓட்டையைப் பெருசாக்கினா வேகம் கூடுமா?



நோன்பு கால இரவுகளில் தறாவீஹ் முடிந்த கையோடு பைக்குகள் போடும் சத்தத்தைப் பற்றி வருடா வருடம் எழுதுகிறோம், ஏசுகிறோம். பெருநாள் முடிந்ததும் மறந்து விடுகிறோம். அந்தப் பைக்குகளைக் கழற்றி நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் குறைவு. பலர் சைலன்சரை வெட்டுவதோடு நிறுத்திக் கொள்கிறார்கள். கொஞ்சம் கைப்பழக்கம் உள்ளவர்கள் எஞ்சினின் ஹெட்டைக் கழற்றி, காற்று உள்ளே போகும் வழியையும் புகை வெளியே வரும் வழியையும் கிரைண்டரால் குடைகிறார்கள். இதைத்தான் போர்ட்டிங் என்கிறார்கள். சரியாகச் செய்தால் இது நல்ல வேலை. ஆனால் நம் ஊரில் பெரும்பாலும் அளவு பார்க்காமல் நடக்கிறது.

எங்கள் வீட்டில் இந்த வேலையைச் செய்பவர்கள் நாங்கள் இரண்டு பேர். ஒருவர் கல்வியியற் கல்லூரியில் பயிற்சி பெற்று விஞ்ஞானம் படிப்பிப்பவர். மற்றவர் மச்சான், லேத் பட்டறையில் வேலை. மூத்தவாப்பா விட்டுச் சென்ற 1098 சீசீ மொரிஸ் மைனர் ஒன்று இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு, பழையதை ஓட வைப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. 2022 இல் கியூஆர் முறை வந்தபோது காருக்கு ஆரம்பத்தில் வாரம் 20 லீற்றர் பெற்றோல்தான். உள்ளே போகும் ஒவ்வொரு சொட்டும் ஒழுங்காக எரிய வேண்டும் என்ற எண்ணத்தில்தான் ஹெட்டைக் கழற்றினோம். சனிக்கிழமை அஸருக்குப் பிறகு வேலை தொடங்கினால், பழைய மாணவர்கள் மூன்று நான்கு பேர் வந்து சேர்ந்து விடுவார்கள்.

அவர்களில் ஒரு தம்பி சாதாரண தரத்தில் கணிதம் இரண்டு தடவை தவறியவர். அவர்தான் முதலில் கேட்டார்: “சேர், ஓட்டையைப் பெருசாக்கினா வேகம் கூடும்தானே?”

பதிலுக்குத் தோட்டத்துக்குத் தண்ணீர் பிடிக்கும் குழாயைக் காட்டினோம். வாயைப் பெருவிரலால் பாதி மூடினால் தண்ணீர் தூரம் பாயும். கையை எடுத்தால் காலடியில் விழும். காற்றுக்கும் நிறை இருக்கிறது. வேகமாக வரும் காற்று, பிஸ்டன் கீழே போய்த் திரும்பத் தொடங்கிய பிறகும் தன் உந்தத்தில் சிலிண்டருக்குள் நுழைந்து கொண்டே இருக்கும். வழியை அளவுக்கு மீறிப் பெருப்பித்தால் அந்த வேகம் போய்விடும். காற்றோடு வரும் பெற்றோல் துளிகளும் சுவரில் ஒட்டிக் கொள்ளும். ஊருக்குள் மெதுவாக ஓடும்போது எஞ்சின் இழுக்காது, பெற்றோலும் கூடக் குடிக்கும்.

பிறகு கணக்கு. நிமிடத்துக்கு 4000 சுற்று என்றால் செக்கனுக்கு எத்தனை? ஏறத்தாழ 67. நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் மூச்சு. ஆக, ஒவ்வொரு சிலிண்டரும் செக்கனுக்கு 33 தடவை காற்றை இழுக்கிறது. சிலிண்டர்கள் முழுதாக நிறைந்தால் இந்த மொரிஸ் எஞ்சின் ஒரு செக்கனில் 36 லீற்றருக்கு மேல் காற்று குடிக்கும். இந்தக் கணக்கை அந்தத் தம்பி சிமெந்துத் தரையில் சோக்கால் செய்தார். யாரும் உதவவில்லை.

மொரிஸ் மைனரில் இருப்பது ஏ சீரீஸ் எஞ்சின். அதன் எரி அறையை மேலிருந்து பார்த்தால் இதய வடிவம். வடிவமைத்தவர் ஹரி வெஸ்லேக் என்ற ஆங்கிலேயர். ஹெட்டுக்குள் காற்று எப்படி ஓடுகிறது என்பதை அளந்து பார்ப்பதையே தொழிலாக்கிக் கொண்டவர். இந்த ஹெட்டில் நான்கு சிலிண்டருக்கும் காற்று போக இரண்டே வழிகள். இரண்டு வீட்டுக்கு ஒரு படலை மாதிரி. ஒரு சிலிண்டர் இழுத்து முடிக்கும் நேரத்தில் பக்கத்துச் சிலிண்டர் இழுக்கத் தொடங்கி, அதன் பங்கில் கை வைக்கிறது. சரி, படலையை அகலமாக்கலாமே என்றால், இரு பக்கமும் புஷ் ரொட் போகும் துளைகள் நிற்கின்றன. மற்றப் பக்கங்களில் கூலிங் தண்ணீர் ஓடும் வெற்றிடம். கிரைண்டர் கொஞ்சம் ஆழமாகப் போனால் ஹெட் பழைய இரும்பு.

வாயால் சொன்னால் பிள்ளைகளுக்குப் பதியாது. வெடித்துப் போன ஹெட் ஒன்றை வாங்கி, குறுக்கே வெட்டிக் காட்டினோம். சுவர் எங்கே தடிப்பு, எங்கே மெலிவு என்று அவர்களே விரலால் தடவிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு “பெருசாக்குவோம்” என்ற பேச்சு குறைந்து விட்டது.

உண்மையில் பலன் கிடைப்பது சின்னச் சின்ன இடங்களில். வால்வ் சீட்டுக்குக் கீழே வார்ப்பில் நிற்கும் கூரான விளிம்பை மழுக்குவது. காற்று திரும்பும் வளைவை உருட்டலாக்குவது. மெனிபோல்ட்டும் ஹெட்டும் சேரும் இடத்தில் கெஸ்கட்டை வைத்துக் கோடு கீறி, காற்றின் பாதைக்குள் விளிம்பு துருத்தாமல் சரிசெய்வது. வால்வ் சீட்டில் கிரைண்டர் படவே கூடாது. காற்று போகும் வழியைக் கண்ணாடி மாதிரி மினுக்கத் தேவையில்லை, 80 ஆம் நம்பர் சேண்ட் பேப்பர் போதும். புகை வரும் வழியை மினுக்கலாம், கரி ஒட்டுவது குறையும். கண்ணாடியும் மாஸ்க்கும் இல்லாமல் யாரையும் கிரைண்டரைத் தொட விடுவதில்லை. கடைசியில் சவர்க்காரத் தண்ணீரால் ஹெட்டைப் பல தடவை கழுவ வேண்டும். உள்ளே தங்கும் இரும்புத் தூள் ரிங்ஸைத் தின்று விடும்.

அளப்பதுதான் முக்கிய வேலை. ஹெட்டைக் கவிழ்த்து, வால்வுகளை மூடி, துளை போட்ட பேர்ஸ்பெக்ஸ் தட்டைக் கிரீஸ் பூசி எரி அறைக்கு மேல் ஒட்டி, அளவியால் மண்ணெண்ணெய் விட்டு எத்தனை கன சென்ரிமீற்றர் பிடிக்கிறது என்று பார்ப்போம். நான்கு அறையும் அரைக் கன சென்ரிமீற்றருக்குள் ஒத்து வர வேண்டும். அளவியின் பிறையுருவை நேராகப் பார்த்து வாசிப்பது அந்தத் தம்பியின் பொறுப்பு. மூன்று தடவை எடுத்து, சராசரி கண்டு, கொப்பியில் எழுதுவார். ‘சராசரி’ என்ற சொல்லுக்கு வகுப்பில் பயந்த அதே பிள்ளை.

ஒரு நாள் அவருடைய வாப்பா வந்தார். “சேர், இவன கராஜ்காரனாக்கப் போறீங்களா? நாளைக்கு யார் பொண்ணு தருவாங்க?” கோபத்தில் கேட்கவில்லை, கவலையில் கேட்டார். கொப்பியைக் காட்டினோம். உயர்தரத்தில் 2013 முதல் தொழினுட்பப் பிரிவு இருப்பதையும், மொறட்டுவையில் ஜேர்மன் டெக் இருப்பதையும், என்.வி.கியூ. சான்றிதழைப் பற்றியும் சொன்னோம். எழுதி எடுத்துக் கொண்டு போனார். மனம் முழுதாக மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் சனிக்கிழமைகளில் மகனைத் தடுப்பதில்லை. தம்பி கணிதத்தை மூன்றாம் தடவை எழுதப் போகிறார். துஆச் செய்யுங்கள்.

கையில் கிரைண்டரோடு நிற்கும் பிள்ளையைக் கண்டால் ஏசுவதற்கு முன், “அளந்தியா மகன்?” என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடத் தொடங்கினால் அந்தப் பிள்ளை படிக்கத் தொடங்கிவிட்டது.

ஒரு வேண்டுகோளும் உண்டு. உங்கள் வீட்டு மூலையில் பைக்கினதோ காரினதோ உடைந்த ஹெட், பழைய மெனிபோல்ட் துருப்பிடித்துக் கிடந்தால், பழைய இரும்புக்காரருக்குப் போடுவதற்கு முன் எங்களுக்கு ஒரு சொல் சொல்லுங்கள். வெட்டிக் காட்ட இன்னும் இரண்டு மூன்று தேவைப்படுகிறது.