பிள்ளை பெத்தவ

செம்பி குட்டி போட்டு எட்டு நாளாகியும் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. தாய்ப்பூனை நஞ்சுக்கொடியைத் தின்றுவிடும், அதனால் ஓரிரு நாள் இளகிப் போகும் என்று எங்கோ படித்ததை நம்பிச் சும்மா இருந்துவிட்டேன். போர்ட் கிள்ளான் வீட்டின் பின்கட்டில், துணிக்கூடைக்குள் மூன்று குட்டிகளும் காம்பை விட்டுவிட்டுக் கத்திக்கொண்டிருந்தன. பால் வற்றியிருந்தது.

"என்னம்மா குடுத்தீங்க?"

"பிள்ளை பெத்தவளுக்கு என்ன குடுப்பாங்க?"

பாசாரில் பால் சுறா வாங்கி, பூண்டு தட்டிப்போட்டுப் புட்டு செய்திருக்கிறார். கூடவே இரண்டு வேளை பசும்பால். அக்காவுக்குச் செய்த அதே பத்தியம்.

கிளினிக்கில் டாக்டர் செம்பியின் பிடரித் தோலை இழுத்து விட்டார். அது மெதுவாகத்தான் படிந்தது. உடம்பில் நீர் வற்றினால் அப்படித்தானாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. பூண்டோ ரத்தச் சிவப்பணுக்களையே உடைக்கும். தோலுக்கடியில் சலைன் ஏற்றினார்கள். குட்டிகளுக்கான தீனியையே தாய்க்கும் வைக்கச் சொன்னார். பாலூட்டும்போது வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு தின்ன வேண்டுமாம்.

பூண்டைப் பற்றி அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டாமோ என்று இப்போது தோன்றுகிறது. வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "உன்னைப் பெத்தப்ப எனக்குச் சுறாப்புட்டு செஞ்சித் தர ஆளில்ல" என்றார்.

அன்றிரவு இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தேன். பூனைக்குட்டிப் பால்மாவைக் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாக ஊட்டிக்கொண்டிருந்தார். செம்பி அவர் மணிக்கட்டை நக்கிக்கொண்டிருந்தாள்.