மறையூர் வரை

பாலக்காட்டில் ஒரே தெருவில் வளர்ந்த நண்பர்கள் நால்வர், நாற்பது வயதைக் கடந்த பின்னர், மிதிவண்டியில் மூணாறு செல்வது என்று முடிவு செய்தனர். ஒருவர் மருந்துக்கடை வைத்திருந்தார். ஒருவர் வங்கியில் பணியாற்றினார். மற்றொருவர் ஓவிய ஆசிரியர். நான்காமவர் பத்து வயதில், தந்தையின் வேலை நிமித்தம் மும்பைக்குச் சென்று அங்கேயே வாழ்ந்து வருபவர். அவ்வாண்டு பொங்கலுக்கு ஊர் வந்திருந்தார்.

திட்டத்தை வகுத்தவர் வங்கிக்காரர். எத்தனை மணிக்கு எந்த ஊர், எங்கே தேநீர், எங்கே உணவு என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, நெகிழிப் பையிலிட்டுத் தம் வண்டியின் கைப்பிடியில் கட்டியிருந்தார். தாளின் அடியில் சிவப்பு மையில் ஒரு விதி இருந்தது: ‘முன்னால் செல்பவர், பின்னால் வருபவரின் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.’ மற்ற மூவரும் அதைப் படித்துவிட்டுச் சிரித்தனர். பள்ளிச் சிறுவர்களைச் சுற்றுலா அழைத்துச் செல்வது போலிருக்கிறது என்றார் மருந்துக்கடைக்காரர்.

பாலக்காடும் மூணாறும் கேரளத்திலேயே உள்ளன. ஆயினும் இடையில் ஆனைமலை குறுக்கே நிற்கிறது. ஆகவே, அவர்கள் தேர்ந்த வழி கோபாலபுரத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை வழியாகச் சென்று, சின்னாற்றில் மீண்டும் கேரளத்துக்குள் ஏறியது. முதல் நாள் ஏறத்தாழ 75 கி.மீ. சமவெளிப் பாதைதான். ஆனால், தை மாதத்தில் பாலக்காட்டுக் கணவாயில் காற்று கிழக்கிலிருந்து வீசும். கிழக்கு நோக்கிச் செல்பவருக்கு அது எதிர்க்காற்று. ஒருவர் முன்னே சென்று காற்றைத் தாங்க, மற்றவர் அவர் பின்னால் ஒட்டிச் செல்வதும், சிறிது நேரத்துக்குப் பின் முறைமாற்றிக் கொள்வதுமாக மாலையில் உடுமலையை அடைந்தனர். அன்று பெரும்பாலும் முன்னே சென்றவர் வங்கிக்காரரே. முறை முடிந்தும் அவர் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

மறுநாள்தான் மலைப்பாதை. உடுமலையிலிருந்து மூணாறு ஏறத்தாழ 85 கி.மீ. விடியலில் புறப்பட்டவர்கள் அமராவதி அணைக்குச் செல்லும் பிரிவைக் கடந்து காட்டுக்குள் நுழைந்தனர். சோதனைச்சாவடியில் இருந்த வனக்காவலர், “எங்கும் நிற்காதீர்கள்; இருட்டுவதற்குள் காட்டைக் கடந்துவிடுங்கள்” என்று சொல்லி அனுப்பினார்.

சின்னாற்றுப் பாலத்தைத் தாண்டியதும் அறிவிப்புப் பலகைகளின் எழுத்து மாறியது. காடு மாறவில்லை. கேரளம் என்றதும் ஈரமும் பசுமையும் எதிர்பார்த்த மும்பை நண்பருக்கு அது வியப்பாக இருந்தது. இருபுறமும் முட்புதர்கள், கள்ளிகள், இலையுதிர்ந்த மரங்கள். மேற்கிலிருந்து வரும் மழைமேகங்கள், 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியைச் சூழ்ந்த மலைகளிலேயே பெரும்பகுதி நீரைப் பொழிந்துவிடுகின்றன. மலைக்குக் கிழக்கே மறைந்திருக்கும் சின்னாற்றுக்கு மிஞ்சுவது சிறிதளவே. ஆறும் மாநில எல்லையைப் பொருட்படுத்துவதில்லை. கேரளத்து ஆறுகளுள் கபினி, பவானி, பாம்பாறு என்னும் மூன்றும் கிழக்கு நோக்கிப் பாய்பவை. சாலையோரப் பள்ளத்தாக்கில் ஓடும் பாம்பாறு அமராவதியாகிக் கரூருக்கு அருகே காவிரியில் கலக்கிறது.

ஆற்றோர மரமொன்றில், நீண்ட வாலுடன் சாம்பல் நிற மலையணில் ஒன்று கிளைவிட்டுக் கிளை தாவியதைக் கண்டபோது மும்பை நண்பர் சிறுவனைப் போலக் கூவினார். அந்த உற்சாகத்தில் மூவரும் போட்டியிட்டு மிதிக்கத் தொடங்கினர். வளைவுக்குப் பின் வளைவு. திரும்பிப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஏற்றம் செங்குத்தான ஓரிடத்தில் மூச்சு வாங்க நின்றபோதுதான் வங்கிக்காரர் பின்னால் இல்லை என்பது தெரிந்தது. ஐந்து நிமிடம் பார்த்தனர், பத்து நிமிடமாயிற்று. அலைபேசியில் தொடர்பு கிடைக்கவில்லை. வண்டிகளைத் திருப்பிக் கீழே இறங்க முற்பட்டபோது, எதிரே வந்த ஜீப் ஓட்டுநர் கையைக் காட்டித் தடுத்தார்.

“போகாதீர்கள். இரண்டு வளைவுக்குக் கீழே யானை நிற்கிறது. குட்டியும் உடனிருக்கிறது.”

“எங்கள் நண்பர் அந்தப் பக்கம் இருக்கிறார்.”

“ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்து வருவதைப் பார்த்தேன். அவர் பின்னால் பேருந்து வருகிறது” என்றார் ஓட்டுநர்.

அதற்கு மேல் செய்வதற்கு ஒன்றுமில்லை. மூவரும் சாலையோரத்தில் நின்றனர். காட்டில் ஒலிகள் தனித்தனியாகக் கேட்கத் தொடங்கின. உலர்ந்த மூங்கில் உரசும் ஒலி. எங்கோ மயில் அகவும் ஒலி. கீழே ஆற்றின் ஒலி. முதல் நாள் முழுவதும் எதிர்க்காற்றைத் தாங்கியவரின் கால்கள் மறுநாள் எப்படியிருக்கும் என்று தாம் ஒருமுறையும் கேட்கவில்லையே என்று ஓவிய ஆசிரியர் மெல்லிய குரலில் சொன்னார். மற்ற இருவரும் மறுமொழி கூறவில்லை.

அரைமணி நேரம் கழித்துப் பேருந்தின் முனகல் கேட்டது. அதன் முன்னால், வண்டியைத் தள்ளியபடி வங்கிக்காரர் நடந்து வந்தார். வலக்காலைச் சற்றே இழுத்து வைத்தார். யானையைக் கண்டதும் பேருந்து ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, இயந்திரத்தை அணைத்துவிட்டு, அவரைப் பேருந்தின் ஓரமாக நிற்கச் சொல்லியிருக்கிறார். குட்டியை முன்னே விட்டுத் தாய் யானை ஆற்றுப் பக்கம் இறங்கும் வரை பயணிகள் ஒருவரும் பேசவில்லை. மிதிவண்டியைக் கூரைமேல் ஏற்றிக்கொள்ளலாம் என்று நடத்துநர் அழைத்தும் அவர் ஏறவில்லையாம். மேலே மூவர் காத்திருப்பார்கள் என்று சொன்னாராம்.

அந்தச் சொல்லைக் கேட்டபோது மூவரும் தலைகுனிந்தனர்.

“காலையிலேயே கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது” என்றார் அவர்.

“ஏன் சொல்லவில்லை?”

“சொன்னால் திட்டம் கெட்டுவிடும்.”

விதியை மறந்தது மூவரின் பிழை. வலியை மறைத்தது அவருடைய பிழை. எது பெரிது என்று அங்கே வாதிட நேரமில்லை. மருந்துக்கடைக்காரர் தம் பையிலிருந்த உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொடுத்துக் காலை நீவிவிட்டார். அன்று மறையூரோடு நிறுத்திக்கொள்வது என்று முடிவாயிற்று. எஞ்சிய தொலைவை நால்வரும் வண்டிகளைத் தள்ளிக்கொண்டே கடந்தனர்.

ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்திலுள்ள மறையூர், சந்தனக் காட்டுக்குப் பெயர் பெற்றது. வேலியிட்டுக் காவல் காக்கப்படும் சந்தன மரங்கள் சாலையோரத்திலேயே நிற்கின்றன. அருகே மணக்கும் என்று எண்ணி நின்றால் ஏமாற்றமே. மணம் மரத்தின் வைரத்துக்குள் இருக்கிறது. ஊரில் காற்றெங்கும் பரவியிருந்தது வேறொரு மணம். கரும்புப் பாகு காயும் மணம். மறையூர் வெல்லம் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது.

ஆலைக் கொட்டகையில், கொப்பரையிலிருந்து ஊற்றிய பாகு இறுகும் பதத்தில், பெரியவர் ஒருவர் அதைக் கையால் உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வோர் உருண்டையிலும் விரல்களின் தடம் பதிந்தது. நால்வருக்கும் ஆளுக்கொரு துண்டு கொடுத்துவிட்டு, மும்பை நண்பரைப் பார்த்து, “தம்பிக்கு எந்த ஊர்?” என்றார்.

நண்பர் சற்றுத் தடுமாறினார். பாலக்காடு என்பதா, மும்பை என்பதா? இரண்டையும் சொன்னார். தம் தமிழ் இப்போது அவ்வளவு சரளமாக இல்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

“அதனால் என்ன? நாங்களும் மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள்தாம் என்பார்கள். எந்தத் தலைமுறையில் என்று யாருக்குத் தெரியும்?” என்ற பெரியவர், அடுத்த உருண்டையைப் பிடித்தார். மறையூர், காந்தளூர் முதலிய ஐந்து ஊர்களைச் சேர்த்து அஞ்சுநாடு என்பர். அங்குள்ள பழங்குடும்பங்கள் இன்றும் வீட்டில் தமிழே பேசுகின்றன.

அந்தி வேளையில் நால்வரும் ஊருக்கு அருகிலிருந்த பாறைமேல் அமர்ந்தனர். அங்கே பெருங்கற்கால மக்கள் எழுப்பிய முனியறைகள் உள்ளன. கற்பலகைகள் சுவர்களாக நிற்க, மேலே ஒரு பெரும்பலகை மூடியிருக்கும் சிற்றறைகள் அவை. மும்பை நண்பர் தம் நகரத்துக் கதை ஒன்றைச் சொன்னார். 1923-இல் மும்பையிலிருந்து பார்சி இளைஞர் அறுவர் மிதிவண்டியில் உலகைச் சுற்றப் புறப்பட்டனர். அவர்களுள் அதி ஹக்கீம், ஜால் பாபாசோலா, ருஸ்தம் பும்காரா ஆகிய மூவர் 1928-இல் பயணத்தை முடித்து ஊர் திரும்பினர்.

“மற்ற மூவர்?” என்று கேட்டார் வங்கிக்காரர்.

“வழியில் பிரிந்துவிட்டார்கள்.”

வங்கிக்காரர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “மூணாற்றுக்கு இன்னும் 40 கி.மீ. முழுவதும் ஏற்றம்” என்றார்.

மறுநாள் காலையில் நெகிழிப் பையிலிருந்த தாள் அப்படியே இருந்தது. நேரங்களை மட்டும் யாரோ பென்சிலால் அடித்திருந்தார்கள். வங்கிக்காரர் வழக்கம்போலப் பின்னால் போய் நின்றார். ஓவிய ஆசிரியர் அவருடைய வண்டியைப் பிடித்து முன்னே நகர்த்தி நிறுத்தினார். அவர் மெதுவாக மிதிக்கத் தொடங்க, மற்ற மூவரும் அவர் பின்னால் சென்றனர்.