பிறர் பிள்ளையின் காயம்

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. இளமையில் அதனைக் கேட்டு மகிழ்ந்திருக்கிறேன். இப்பொழுது எண்ணிப் பார்க்கையில், அதனுள்ளே ஒரு கணக்கு ஒளிந்திருப்பதாகவே படுகிறது. தன் பிள்ளைக்குக் கிடைக்கப்போகும் பயனுக்காகத்தானா ஊரார் பிள்ளைக்கு நாம் ஊட்ட வேண்டும்? இக்கேள்வியை என்னுள் எழுப்பியது பெரிய நிகழ்ச்சி எதுவுமன்று. நான்கு வயதுச் சிறுவன் ஒருவனின் முழங்காலில் ஏற்பட்ட சிறு காயந்தான்.

ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர், வலிகாமத்துக் கிராமமொன்றின் முன்பள்ளியில் சில காலம் துணையாக இருந்தேன். அங்கு வரும் பிள்ளைகளின் தாய்மாரிற் பலர் வெங்காயத் தோட்டங்களில் நாட்கூலிக்கு வேலை செய்பவர்கள். காலையில் படலையடியில் பிள்ளையை எம்மிடம் ஒப்படைத்துவிட்டுத் தோட்டத்தை நோக்கி விரைவார்கள். நம்பி விட்டுச் செல்கிறார்கள் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. உண்மையில் அவர்களுக்கு வேறு வழியில்லை.

முன்பள்ளி வளவின் வேலியில், முட்கம்பி ஒன்று கதியாலிலிருந்து கழன்று தொங்கியது. ஒரு வாரத்துக்கு முன்னரே அதனைக் கண்டேன். இழுத்துக் கட்டவேண்டும் என்று நினைத்தேன், நினைத்ததோடு விட்டுவிட்டேன். அன்று பத்து மணியளவில் பந்தைத் துரத்திச் சென்ற சிறுவனின் முழங்காலை அக்கம்பி கிழித்தது.

உடனிருந்த இளம் ஆசிரியை பதறினாள். "கோப்பித்தூள் வாங்கிக்கொண்டு வரட்டே, ரீச்சர்?" என்று அயல் வீட்டுக்கு ஓட முனைந்தாள். நான் தடுத்தேன். முதலில் என் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவினேன். சிறுவனை மடியில் இருத்தி, சுத்தமான சீலைத் துண்டைக் காயத்தின்மீது வைத்துச் சில நிமிடம் விடாது அழுத்திப் பிடித்தேன். இரத்தம் நின்றது. பின்னர் நீரை ஊற்றி ஊற்றி, சவர்க்காரத்தால் கழுவி, மண்ணெல்லாம் போன பின் துடைத்துக் கட்டினேன். செய்தது அவ்வளவே. கோப்பித்தூளும் மஞ்சளும் மண்ணெண்ணெயும் காயத்தைக் காப்பனவல்ல. அவை அழுக்கை உள்ளே வைத்து மூடுவன. காயத்தின் ஆழத்தை மருத்துவர் காணவும் தடையாவன. தலையில் அடிபட்டு வாந்தி எடுக்கும் பிள்ளையையும், அழுத்தியும் இரத்தம் நில்லாத பிள்ளையையும், நாய் கடித்த பிள்ளையையும் தாமதமின்றி வைத்தியசாலைக்கு அனுப்பவேண்டும். நாய்க்கடியாயின், புறப்படுமுன் சவர்க்காரமும் ஓடும் நீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவவேண்டும்.

இவை புதிய செய்திகள் அல்ல. 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர், மானிப்பாயில் நம்மவர்க்கு மருத்துவங் கற்பித்தார், தமிழிலேயே கற்பித்தார், மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். உடலின் அமைப்பையும் நோயின் இயல்பையும் தமிழில் படிக்கும் வாய்ப்பை அத்தனை காலத்துக்கு முன்னரே பெற்ற மண் இது. அந்த அறிவு மருத்துவரின் மேசையோடு நின்று, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஏழைப் பெண்ணின் கைக்கு வந்து சேராதது யார் குற்றம்?

கட்டுப் போட்டு முடிந்ததும், அந்த இளம் ஆசிரியை தாழ்ந்த குரலில், "தாய் கேட்டால் ஓடி விழுந்தவன் எண்டு சொல்லுவம், ரீச்சர்" என்றாள். அவளை நான் கடிந்துகொள்ளவில்லை. மிகச் சொற்பமான கொடுப்பனவுக்கு வேலை செய்பவள். ஒரு தாய் குறை சொன்னால் அந்த வேலையும் நிலைக்குமோ என்ற அச்சம் அவளுக்கு. எனக்கும் அந்தப் பொய் இனிப்பாகவே இருந்தது. கம்பியைக் கண்டும் கட்டாது விட்டவள் நான் அல்லவா?

அவ்வேளையில் வேறொரு பிள்ளையின் காயம் என் நினைவுக்கு வந்தது.

1962ஆம் ஆண்டு. எனக்கு வயது பத்து. எங்கள் வகுப்பில் ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண் பிள்ளை ஒருத்தி படித்தாள். இடைவேளையில் பனைமட்டையை இழுத்து விளையாடியபோது, அதன் கருக்கு அவளுடைய உள்ளங்கையை அறுத்துவிட்டது. இரத்தம் சொட்டச் சொட்டக் கிணற்றடிக்குச் சற்றுத் தூரத்தில் வந்து நின்றாள். அதற்கு மேல் அவள் வரக்கூடாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். துலாவில் அள்ளிய நீர் வாளி நிறைய என் கையில் இருந்தது. நான் ஆசிரியரின் முகத்தைப் பார்த்தேன். அவர் எதுவும் சொல்லவில்லை. நான் வாளியைக் கீழே வைத்துவிட்டேன். அவள் பாவாடைத் தலைப்பைக் கையிற் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். பத்து நாள் கழித்து வந்தபோது காயம் சீழ் வைத்து ஆறியிருந்தது. ஒரு விரல் முழுதும் மடங்கவில்லை.

சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957ஆம் ஆண்டே நிறைவேறிவிட்டது. ஐந்து ஆண்டுகள் கழிந்தும் அச்சட்டம் எங்கள் கிணற்றடிக்கு வந்து சேரவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஒடுக்கப்பட்ட மக்களும் முற்போக்காளரும் ஊர்வலமாகப் புறப்பட்டபோதுதான், அந்த வாளியை நான் கீழே வைத்ததன் பொருள் எனக்கு மெல்ல விளங்கத் தொடங்கியது. ஒரு வாளி நீரால் ஆறியிருக்கவேண்டிய காயத்தை நாங்கள் எல்லோரும் சேர்ந்து பெரிதாக்கினோம்.

நண்பகலில் சிறுவனின் தாய் வந்தாள். "பிள்ளை, வேலிக் கம்பி கிழிச்சுப் போட்டுது. கம்பி கழண்டு கிடந்ததை நான் முன்னமே கண்டனான், கட்டுவிக்கேல்லை. பிழை என்னுடையது" என்றேன்.

அவள் கட்டை ஒருமுறை பார்த்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள். "கறள் கம்பியோ, ரீச்சர்? அப்ப ஏற்பு ஊசி போடவேணுமோ எண்டு கேக்க வேணும்" என்றாள்.

எனக்குத் திடுக்கிட்டது. ஓடி விழுந்தான் என்று சொல்லியிருந்தால் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டே இருக்கமாட்டாள். ஏற்புநோய்க் கிருமி கறளிற் பிறப்பதன்று; மண்ணிலும் சாணத்திலும் வாழ்வது; காற்றுப் புகாத ஆழ்ந்த காயத்தில் பெருகுவது. ஆகவே காயம் எதனால், எங்கே, எப்படி ஏற்பட்டது என்பது மருத்துவத்தின் ஒரு பகுதியாகும். நாம் மறைப்பது நமது பிழையை மட்டுமன்று. பிள்ளைக்கு வேண்டிய மருந்தையும் மறைக்கிறோம்.

அவளோடு வைத்தியசாலைக்குச் சென்றேன். பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டைப் பார்த்த மருத்துவர், இரண்டு, நான்கு, ஆறு மாதங்களிலும் ஒன்றரை வயதிலும் கொடுக்கவேண்டிய ஊசிகள் யாவும் ஒழுங்காகப் போடப்பட்டிருப்பதால் இப்போது ஊசி தேவையில்லை என்றார். பொதுச் சுகாதார சேவை இந்நாட்டு ஏழைத் தாய்மாருக்கு ஈட்டித் தந்த நன்மை அது. ஆயினும் அவளுடைய அரைநாட் கூலி போய்விட்டது. பிழை என்னுடையது, இழப்பு அவளுடையது. நான் பணத்தை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"அது வேண்டாம், ரீச்சர். வேலியைக் கட்டுங்கோ" என்றாள்.

பிறர் பிள்ளையைக் காப்பவர் அப்பிள்ளைக்குத் தரவேண்டிய கடன்கள் இரண்டு. ஒன்று நீர், மற்றையது உண்மை. இரண்டையும் யாருடைய பிள்ளை என்று பாராமல் தரவேண்டும். ஆனால் இவற்றைத் தனி மனிதரின் நற்குணத்துக்கு மட்டும் விட்டுவிடுவது நியாயமன்று. ஒவ்வொரு முன்பள்ளியிலும் ஓடும் நீரும் சவர்க்காரமும் முதலுதவிப் பெட்டியும் இருத்தல் வேண்டும். ஆசிரியைக்குப் பயிற்சி வேண்டும். காயங்களை எழுதிவைக்க ஒரு கொப்பி வேண்டும். உண்மையைச் சொன்னால் வேலை போகாது என்ற உறுதி வேண்டும். வாழப் போதிய சம்பளமும் வேண்டும். அஞ்சி வாழ்பவளிடம் உண்மையை எதிர்பார்க்க நமக்கு என்ன உரிமை?

மறுநாட் காலை, பிள்ளைகள் வருமுன், நானும் அந்த இளம் ஆசிரியையும் அக்கம்பியை இழுத்துக் கட்டினோம். அதற்கு அரை மணி நேரம்கூடச் செல்லவில்லை.